மூன்றாவது வாசல்

மூட்டு வலியால் நந்திவரம் ஏரிப் பக்கம் காலை நடை போய்ப் பத்து நாளாகிறது. வீட்டில் உட்கார்ந்தால் எனக்கு எழுதத்தான் தோன்றும். பதிவு நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து பேசினான். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அவன் அலுவலகத்தில் ஒரு கறுப்பினத்தவர் இருக்கிறார். இவனுக்கு முன்பே சேர்ந்தவர், இவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். குழுத் தலைவர் பதவி வந்தபோது அது அவருக்குக் கிடைக்கவில்லை, இவனுக்குக் கிடைத்தது. "அவரை கிளையன்ட் முன்னாடி நிறுத்தினா சரியா வராது" என்று மீட்டிங்கில் ஒருவர் சொன்னாராம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, இவனும் கேட்கவில்லை. "சார், எனக்கு விசா கவலை இருக்கு. அதோட, இது நம்ம பிரச்சினையா?" என்றான்.

அவன் அலுவலகத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியை நம்மவர்கள் முன்பே ஓர் ஊரில் சந்தித்திருக்கிறார்கள். அந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் டர்பன். வகுப்பில் சத்தியாக்கிரகம், தில்லையாடி வள்ளியம்மை என்று இரண்டு பீரியடில் முடித்துவிடுவேன். அப்போது சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் நின்றது. அதில் வந்தவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகள். 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இப்படி ஒப்பந்தத்தில் போனார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகத்தான். வட ஆற்காடு, நம் செங்கல்பட்டு மாவட்டங்களிலிருந்து போனவர்கள் நிறைய.

அங்கே வெள்ளைக்காரர் மேலே, ஆப்பிரிக்கர் கீழே. நம்மவர் நடுவில். இந்த நடு இடம்தான் சிக்கல். டர்பன் தபால் நிலையத்தில் வெள்ளையருக்கு ஒரு வாசல், இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் சேர்த்து இன்னொரு வாசல். எங்களை ஆப்பிரிக்கரோடு சேர்த்து நிறுத்துவது அவமானம் என்று இந்தியர்கள் முறையிட்டார்கள். பலன் கிடைத்தது. மூன்றாவது வாசல் ஒன்று வந்தது! 1895-ல் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தன் அறிக்கையில் இதைக் குறித்திருக்கிறது. அப்போது அதன் செயலாளர் காந்தி. அந்தக் காலத்தில் அவர் ஆப்பிரிக்கரைப் பற்றி எழுதியவற்றில் சிலதைப் படித்தால் இன்று முகம் சுளிக்கும். பிற்காலத்தில் அவர் மாறினார், அதையும் சொல்ல வேண்டும். மகான்களும் மாறித்தான் மகான்கள் ஆனார்கள் என்று வகுப்பில் சொல்ல எனக்கு அப்போது தைரியம் வரவில்லை.

பிறகு 1924. அந்த வருடம் தென்னாப்பிரிக்காவில் ஒரு தொழில் தகராறுச் சட்டம் வந்தது. தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யலாம், முதலாளியோடு உட்கார்ந்து கூலி பேசலாம். நல்ல சட்டம்தானே? ஆனால் 'தொழிலாளி' யார் என்று சொல்லும் இடத்தில், பாஸ் என்ற அனுமதிச் சீட்டு சுமக்கும் ஆப்பிரிக்கர் தொழிலாளியே அல்ல என்று ஆக்கிவிட்டார்கள். ஒரே பட்டறை, ஒரே உலை. இந்தியன் தொழிலாளி, பக்கத்தில் நிற்கும் ஆப்பிரிக்கன் தொழிலாளி இல்லை. மூன்றாவது வாசல் இப்போது சட்டப் புத்தகத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

(இடையில் ஒன்று. அதே 1924-ல் சென்னை சட்டசபையில், பொதுச் சாலையும் கிணறும் எல்லாச் சாதியாருக்கும் பொது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம்தான் அவர் ஊர். நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு வந்தவர். வாசல்களைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.)

1930-களில் டர்பனில் எச்.ஏ.நாயுடு, ஜார்ஜ் பொன்னன் என்று இரண்டு இளைஞர்கள் சங்கம் கட்டக் கிளம்பினார்கள். இந்தியத் தொழிலாளர்களை மட்டும் சேர்த்திருந்தால் வேலை சுலபம். பதிவு கிடைக்கும், பேச்சுவார்த்தைக்கு நாற்காலி கிடைக்கும். இவர்கள் ஆப்பிரிக்கரையும் சேர்த்தே தீருவோம் என்றார்கள். அதில் நியாயமும் இருந்தது, கணக்கும் இருந்தது. பக்கத்தில் நிற்பவனை அடிமாட்டுக் கூலிக்கு வாங்க முடிகிறவரை உன் கூலியும் நிலைக்காது என்பது அந்தக் கணக்கு. 1937-ல் ஃபால்கிர்க் என்ற இரும்புத் தொழிற்சாலையில் இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஒன்றாக வெளியே வந்தார்கள். ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்தது அந்த வேலைநிறுத்தம். பெட்டிக்கடையில் கடன் வாங்கிச் சாப்பிட்ட குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு மூன்று மாதம் சம்பளம் இல்லை என்றால் என்னவென்று தெரியும்.

எல்லாம் வெற்றிக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1942 டிசம்பரில் டர்பன் டன்லப் டயர் தொழிற்சாலையில், சங்கத்தில் இருந்தவர்களை நீக்கியதை எதிர்த்து இந்தியத் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். நிர்வாகம் அவர்கள் இடத்தில் ஆப்பிரிக்கரை வேலைக்கு எடுத்தது. போராட்டம் தோற்றது. "பார்த்தாயா, அவங்களை நம்பினதுக்கு!" என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார்கள். சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், வேலை போனவர்கள் அவர்கள். ஆனால் ஒருவர் வயிற்றைக் காட்டி இன்னொருவரை அடிக்க முடிந்தது எதனால்? 1924 சட்டம் ஆப்பிரிக்கரை மலிவாக வைத்திருந்ததால்தானே?

1947 மார்ச் 9 அன்று மூன்று டாக்டர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் சூமா, டிரான்ஸ்வால் இந்தியர் தலைவர் யூசுப் தாதூ, நேட்டால் இந்தியர் தலைவர் மான்டி நாயக்கர். இனி போராட்டம் சேர்ந்துதான் என்பது சாரம். இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர் கூட்டம் இந்தியர் கடைகளையும் வீடுகளையும் தாக்கியது. போலீசும் சுட்டது. இறந்தவர்கள் 142 பேர், அதில் ஆப்பிரிக்கர்களே அதிகம். இதோடு நட்பு முடிந்தது என்று யாரும் நினைத்திருக்கலாம்.

முடியவில்லை. 1954-ல் அங்கிருந்த பெரிய தொழிற்சங்க சம்மேளனத்தைக் கலைத்துவிட்டு, ஆப்பிரிக்கர் சங்கங்களுக்கு இடமில்லாத புதிய அமைப்பைத் தொடங்கினார்கள். அதை ஏற்காத சங்கங்கள் 1955 மார்ச்சில் 'சாக்டு' என்ற, நிறம் பார்க்காத சம்மேளனத்தை உருவாக்கின. நேட்டாலில் அதன் தூண்களில் ஒருவர் பில்லி நாயர். மலையாள வம்சாவளி, டர்பனில் பிறந்து பால் நிறுவனத்தில் வேலை பார்த்து, பால் தொழிலாளர் சங்கச் செயலாளர் ஆனவர். 1964-ல் நாசவேலை வழக்கில் அவருக்கு 20 ஆண்டு. அதே வழக்கில் ரயில்வே தொழிலாளர் சங்கத்தின் கர்னிக் நிட்லோவு என்ற ஆப்பிரிக்கருக்கும் 20 ஆண்டு. இருவரும் ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். அங்கே இந்தியக் கைதிக்கு ஒரு சாப்பாடு, ஆப்பிரிக்கக் கைதிக்கு அதைவிடக் குறைந்த சாப்பாடு. சிறையிலும் விடவில்லை பாருங்கள் அந்த வாசலை! நாயர் 1984-ல் வெளியே வந்தார். 1994-ல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2008-ல் காலமானார்.

ஆப்பிரிக்கரும் தொழிலாளிதான் என்று சட்டம் ஒப்புக்கொள்ள 1979 ஆனது. 1985-ல் டர்பனில் 'கோசாட்டு' என்ற மாபெரும் சம்மேளனம் பிறந்தபோது, பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களான அதன் உறுப்பினர்களுக்கு முதல் பொதுச் செயலாளராக வந்தவர் ஜெய் நாயுடு. முழுப்பெயர் ஜெயசீலன்.

இதையெல்லாம் பையனிடம் போனில் ஒரு மணி நேரம் சொன்னேன். "நாயர் மாதிரி ஜெயிலுக்குப் போன்னு சொல்றீங்களா சார்?" என்று சிரித்தான். இல்லையப்பா, 'ஏன் சரியா வராது?' என்று ஒரு கேள்வி கேட்கத்தான் சொல்கிறேன் என்றேன். அவருக்குப் பதிலாக நீ பேச வேண்டாம், முதலில் அவரிடமே போய்க் கேள் என்றும் சொன்னேன்.

சொல்லி முடித்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது. அதனால் அவனிடம் சொன்ன மீதியையும் இங்கே எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் மாடி போர்ஷன் காலியாக இருந்தது. பொத்தேரி பக்கம் படிக்கும் ஆப்பிரிக்கப் பிள்ளைகள் இரண்டு பேர் போர்டைப் பார்த்து வந்தார்கள். சுத்தமாக உடுத்தி, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு நின்றார்கள். "ஆள் வந்துவிட்டார்கள், போர்டை எடுக்க மறந்துவிட்டேன்" என்றேன். பொய். பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற பயம். "தேங்க் யூ சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போர்டு அதற்குப் பிறகும் இரண்டு வாரம் தொங்கியது. அவர்கள் ஸ்டேஷனுக்குப் போகும் வழி எங்கள் தெருதான். 34 வருடம் சரித்திரம் எடுத்தவன் நான்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "திங்கட்கிழமை மீட்டிங் இருக்கு சார், முன்னாடியே அவர்கிட்ட பேசிட்டுப் போறேன்" என்றான். மாடி போர்ஷன் தை மாதம் மறுபடி காலியாகிறது. வீட்டுக்காரியிடம் பேசிவிட்டேன். பொத்தேரி பக்கம் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் யாராவது இருந்தால், வீடு தேடும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு என் எண்ணைக் கொடுங்கள்.