கோதாவரியிலிருந்து வந்த எலும்புகள்

கல்கத்தாவின் டாலிகஞ்சில் மெட்ரோ ஏறினால் அதே தடத்தில் வடக்கே பராநகர் வரை போகலாம். அங்கே இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் புவியியல் அருங்காட்சியகத்தில் பாராபாசாரஸ் என்ற டைனோசர் நிற்கிறது. அதன் பயணம் தொடங்கி ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகள் இருக்கும்.

முதலில் அதைச் சுமந்தது வெள்ளம். கோதாவரிப் படுகையில் குறைந்தது ஆறு விலங்குகளை வெள்ளம் அடித்துவந்து, பெரிய மரங்களோடு ஓரிடத்தில் ஒதுக்கியிருக்க வேண்டும். 1.7 மீட்டர் நீளத் தொடையெலும்பு தங்கிவிட்டது. மெல்லிய மண்டையோடு தங்கவில்லை. சுமார் 300 எலும்புகள் கிடைத்த இடத்தில் தலையின் பங்காக மிஞ்சியவை மூன்று பற்கள்தாம்.

புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸின் அழைப்பில் லண்டனிலிருந்து வந்த பமேலா ராபின்சன் அங்கே தொல்லுயிர் ஆய்வைத் தொடங்கிவைத்தார். இந்த எலும்புகளைப் போச்சம்பள்ளி அருகே தோண்டியெடுத்தபோது தாகூர் நூற்றாண்டு நடந்துகொண்டிருந்தது; 1975-இல் பெயர் சூட்டியபோது தாகூரின் பெயரும் இனப்பெயரில் சேர்ந்தது. 1977-இல் கல்கத்தாவில் எலும்புக்கூடு எழுந்து நின்றது.

இரண்டு காலில் நடந்த சிறிய மூதாதைகளுக்கும் பிற்கால நீள்கழுத்து ராட்சதர்களுக்கும் நடுவே சான்றுகள் மிகக் குறைவு. அந்த இடைவெளியில் வந்து நிற்பது இது. கால்கள் ஏற்கெனவே தூண்களாகிவிட்டன. முதுகெலும்போ இன்னும் அங்கே வந்து சேரவில்லை: பிற்கால இனங்களில் ஆழமாகக் குடைந்து எடை குறைந்திருக்கும் பக்கவாட்டில், இங்கே ஆழமில்லாத பள்ளங்கள் மட்டுமே. ஒரே உடம்பில் கால் ஒரு வேகத்திலும் முதுகு ஒரு வேகத்திலும் மாறியிருக்கின்றன. பரிணாமத்துக்கு எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அந்த வேகத்துக்கு 1949-இல் ‘டார்வின்’ என்று ஓர் அலகு தந்தவர் உயிரியலாளர் ஹால்டேன். குதிரைப் பற்களை வைத்து அதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1957-இல் அவரும் இதே நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். பிறகு 1983-இல் தொல்லுயிரியலாளர் ஜிஞ்சரிச் ஒன்றைக் கவனித்தார்: இரண்டு புதைபடிவங்களுக்கு நடுவே காலம் நீள நீள, அளவிடும் வேகம் குறைந்துகொண்டே போகிறது. இடையில் நடந்த ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. ஆகவே இடைவெளியைக் காட்டி ‘மாற்றமே நடக்கவில்லை’ என்பது தவறான வாதம். வேகமான மாற்றம்கூட அதற்குள் மறைந்திருக்கலாம்.

அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். எலும்புக்கூட்டின் தலை மனிதர் ஊகித்துச் செய்தது. முதுகெலும்பின் பக்கவாட்டைப் பாருங்கள்.