வெல்லலாகாதவன் வேடம்

மாந்தர் வகுத்த போராட்டங்கள் பலவற்றில், இறுதியில் எதிர்நிற்பவன் ஒருவன் உளன். முன் வந்தோர் எல்லாரினும் அவன் ஆற்றல் மிக்கவன். அவனை எதிர்த்து ஆடுதல் ஒருவகை. அவனாகவே நின்று ஆடுதல் பிறிதொரு வகை. அளவிறந்த ஆற்றலை மனிதன் ஒருவன் தன்மேற் பூண்டு ஆடுங்கால் ஆட்டம் யாதாகும்? இவ்வினாவுக்கு விடை தருவன இரண்டு. ஒன்று, மலையகத் தோட்டத் தமிழரின் காமன் கூத்து. மற்றையது, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகெங்கும் பரவிய வீடியோச் சண்டை விளையாட்டு. காலத்தானும் கருவியானும் வேறுபட்ட இவ்விரண்டும் ஓருண்மையையே உணர்த்துகின்றன.

சபரகமுவ மாகாணத்துக் கேகாலை மாவட்டத்தில், மாவனெல்லைக்கு அணித்தாய் மலைகள் சூழ அமைந்தது அரநாயக்க. அசுப்பினி அருவி வீழும் இந்நிலத்தை அடுத்துத் தேயிலையும் இறப்பரும் வளர்ந்தன; அவற்றோடு தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புக்களும் தோன்றின. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிரின் பொருட்டுத் தமிழகத்தினின்று இத்தீவின் மலைகளுக்கு மக்கள் வரலாயினர். 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழியத் தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. பயிர் மாறிற்று, லயத்து வாழ்வு மாறவில்லை. விடியற்காலையிற் பெரட்டுக்கு நின்று, கங்காணியின் சொல்லுக்கும் துரையின் ஆணைக்கும் உட்பட்டு வாழ்ந்த அம்மக்கள், கடல்கடந்து கொணர்ந்த செல்வங்களுள் ஒன்று காமன் கூத்தாகும்.

மன்மதனை இறைவன் எரித்த வரலாறு கந்தபுராணத்துக் காமதகனப் படலத்தில் விரித்துரைக்கப்பட்டுள்ளது. அட்ட வீரட்டங்களுள் ஒன்றாகிய திருக்குறுக்கை அந்நிகழ்ச்சிக்குரிய தலமெனப் போற்றப்படும். சூரனால் இடருற்ற தேவர், யோகத்தமர்ந்த சிவபெருமானின் மோனத்தைக் கலைக்குமாறு காமனை ஏவினர். கணை பட்டது, நெற்றிக்கண் திறந்தது, காமன் நீறாயினான். மாசித் திங்களிற் காமன் கம்பம் நட்டு, காப்புக் கட்டி நோன்பிருந்து, தப்பொலி முழங்க மலையகத் தோட்டங்களில் இக்கதை நடிக்கப்படுகின்றது. மரபாக ஆடவரே இரதியாகவும் மதனாகவும் வேடம் புனைவர். இரதி கணவனைத் தடுத்து நிறுத்த முயலும் உரையாடலே கூத்தின் உயிர்நிலை எனலாம். போகவேண்டா என அவள் இரக்க, ஏவல் தலைமேற்கொண்டேன் என அவன் மறுக்க, அவையோர் நெஞ்சம் இரதியின்பாலே நிற்கும்.

இக்கூத்தில் இறுதியில் நிற்பவர் சிவபெருமான். அவரைப் பகைவர் என்றல் சமய நோக்கிற் பொருந்தாது. எனினும் கூத்தின் அமைப்பு நோக்கில், மதனின் வில்லுக்கு எதிர்நிற்கும் வெல்லலாகா ஆற்றல் அவரே. அவ்வேடம் பூண்டவனுக்குப் பெரும் போராட்டம் இல்லை. அவன் அசையாதிருக்கின்றான், ஒருமுறை கண் திறக்கின்றான், ஆட்டம் முடிகின்றது. அவ்வளவில் நின்றிருப்பின் இது கூத்தாகாது, தண்டனை ஒன்றே ஆகும். தகனத்தின் பின் இரதியின் புலம்பல் எழுகின்றது. நெற்றிக்கண்ணை எதிர்நிற்க எவராலும் இயலாதாயினும், அழுகையை எதிர்நிற்க நெற்றிக்கண்ணாலும் இயலவில்லை. காமன் இரதியின் கண்ணுக்கு மட்டும் புலனாகுமாறு வரம் அருளப்படுகின்றது. எல்லாம் வல்லவன் ஒருத்தியின் இரக்கத்துக்கு இணங்குமிடத்தே கூத்து நிறைவெய்துகின்றது.

தஞ்சை நாட்டு லாவணிப் புலவர், காமன் எரிந்தான் என்றும் எரியவில்லை என்றும் இரு கட்சியாகப் பிரிந்து, எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பெயர்பூண்டு பாடி வாதிட்ட மரபும் ஈண்டு நினைக்கத்தக்கது. பேராற்றலின் வெற்றி முடிந்த முடிபன்று, அதனையும் வினாவலாம் என்னும் துணிவு அவ்வாதத்தின் அடியில் உளது.

இனி வீடியோ விளையாட்டை நோக்குவாம். யப்பானிய நிறுவனமாகிய காப்கொம் 1987 இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ என்னும் ஆட்டத்தில் இறுதி எதிராளி சகத் என்பான். 1991 இல் வந்த அதன் இரண்டாம் ஆட்டத்தில் எண்மர் வீரருள் ஒருவரை ஆடுவோர் தெரிந்துகொள்ளலாம். சகத் உட்பட நால்வர் பொறிக்கே உரியவர். மேனாட்டாரால் பைசன் என வழங்கப்பட்டவன் அவருள் இறுதியானவன். அந்நாளிற் காசிட்டு ஆடிய இளைஞர் பலர் அந்நால்வராக நின்று ஆட விழைந்தனர். 1992 இல் வந்த திருத்திய பதிப்பு அவ்விழைவை நிறைவேற்றியது. பன்னிருவரும் ஆடுவோர் கைக்கு வந்தனர்.

ஆயினும் கைக்கு வந்தவன் பொறியிடம் இருந்தவன் அல்லன். கைல் என்னும் வீரனை மனிதன் ஆட்டுங்கால், ஒலியலையை எறியுமுன் பிடிகோலைச் சிறிது நேரம் பின்னிழுத்துக் காத்திருத்தல் வேண்டும். பொறி அவனை ஆட்டுங்கால் அக்காத்திருப்பு இன்றியே எறியும். மனிதன் கையில் பைசனும் தன் பெரும்பாய்ச்சலுக்கு அவ்வாறே காத்திருக்க வேண்டியவனாயினான். வேடம் பேராற்றலுடையது, வேடந்தாங்கியோ விதிக்கு உட்பட்டவன். 1994 இல் வந்த பதிப்பில், பைசனையே வீழ்த்தித் தோன்றும் அகுமா என்னும் மறைபொருளான எதிராளி இடம்பெற்றான். மறைமுறை ஒன்றால் அவனையும் ஆடுவோர் தெரிந்துகொள்ளலாம். வானில் தாவியபடியே நெருப்புருண்டை எறியும் அவனை எதிர்ப்பார் அரியர். விளைவு யாது? போட்டி நடத்துவோர் அவனைப் போட்டியினின்று விலக்கினர். எதிராளிக்கு வாய்ப்பு இல்லாதவிடத்து வென்றவனுக்கும் ஆட்டம் இல்லை என்பதை அனுபவம் அவர்க்குக் கற்பித்தது.

விளையாட்டுக்காரர் விலக்கினாற் கண்ட தீர்வைக் கூத்து இரதியின் குரலாற் கண்டது. முன்னையது ஆற்றலை அரங்கினின்று அகற்றியது; பின்னையது ஆற்றலை அரங்கிலேயே நிறுத்தி இரங்கச் செய்தது. இரண்டனுள் கூத்தின் வழியே அரிது என்க.

இக்கூத்தைப் பேணிய மக்களின் வரலாற்றோடு வைத்து நோக்கின் இதன் பொருள் மேலும் விளங்கும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974 இலேயே முடிவாயிற்று. இரு பேரரசியலார் எண்ணிப் பகிர்ந்த அவ்வேளையில், பகிரப்பட்டோரின் குரல் கேட்கப்படவில்லை. நாடற்றோராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. அங்கு நெற்றிக்கண் திறந்தது. இரதியின் புலம்பலுக்குச் செவி திறக்க அரை நூற்றாண்டு கடந்தது.

பகலெல்லாம் பிறர் ஆணைக்குப் பணிந்த தொழிலாளி, மாசி இரவொன்றில் எல்லாம் வல்லவனின் வேடம் பூண்டான். அவ்வேடத்தில் அவன் பழிதீர்க்கவில்லை, இரங்கிக் காட்டினான். விடியலில் வேடத்தைக் களைந்து மீண்டும் பெரட்டுக்கு நின்றான். ஆற்றலை ஏற்கவும் அளந்து ஆளவும் உரிய நேரத்தில் இறக்கிவைக்கவும் அறிந்த அக்கலைஞனிடம், ஆள்வோர் கற்கத்தக்கது உளது.