செருப்போடு உள்ளே போனவர்

ஆஸ்திரேலிய வாடிக்கையாளரோடு எனக்கு முதல் மீட்டிங். "சார்" என்று ஆரம்பித்தேன். "சாரெல்லாம் வேணாம், பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்றார். கூச்சம் போய்விட்டது. நாங்கள் முன்வைத்த ஒரு மாற்றத்துக்கு, "நல்லாயிருக்கு, பார்க்கலாம்" என்றார். டீமிடம் "ஓகே சொல்லிட்டார்" என்றேன். இரண்டு சனி ஞாயிறு வேலை பார்த்த பிறகுதான் புரிந்தது, அது கண்ணியமான மறுப்பு. தப்பு அவருடையதல்ல, நடுவில் நின்ற என்னுடையது.

அப்படி நடுவில் நின்றவர்களுக்கு இந்த ஊரில் ஒரு பெயர் இருந்தது: துபாஷி, இருமொழிக்காரர். தினமும் நான் கடக்கும் ரங்கப்பிள்ளை வீதி, அவர்களில் பெரியவரான ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரில்தான் இருக்கிறது. 1747ல் கவர்னர் துப்ளேக்ஸின் தலைமை துபாஷி ஆனார்.

அன்றைய சந்திப்புகளில் "பேர் சொல்லிக் கூப்பிடுங்க" கிடையாது. யாருக்கு எத்தனை பீரங்கி முழங்கியது, யார் என்ன நஜர் வைத்தார், யாருக்கு வெற்றிலை பாக்கும் பன்னீரும் கிடைத்தது என்பதெல்லாம் அரசியல். கவர்னர் மாளிகைக்கு மேளதாளத்தோடு பல்லக்கில் போகலாம், தங்கப்பூண் தடி வைத்துக்கொள்ளலாம், செருப்போடு உள்ளே நுழையலாம் என்பவை பிள்ளைக்குக் கிடைத்த சலுகைகள்.

ஆனால் அவருடைய உண்மையான பலம் காலில் இல்லை, நாக்கில் இருந்தது. அதனால்தான் புதுச்சேரியிலேயே பிறந்து தமிழ் பேசத் தெரிந்த துப்ளேக்ஸின் மனைவி ழானோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. கவர்னரின் காதுக்கு இன்னொரு வழி இருந்தால் துபாஷி எதற்கு?

அந்த இடம் எவ்வளவு ஆபத்தானது என்பது அவருக்குத் தெரியும். அவருடைய உறவினர் நைனியப்பப் பிள்ளையும் கம்பெனியின் தலைமைத் தரகர்தான். 1716ல் அவருக்குக் கசையடியும் சிறைத்தண்டனையும் விதித்தார்கள். அடுத்த வருஷம் சிறையிலேயே இறந்தார். தீர்ப்பு தவறென்று ரத்தானது அதற்குப் பிறகு.

இதையெல்லாம் பார்த்த குடும்பத்துப் பிள்ளை, 1736ல் தமிழில் தினக்குறிப்பு எழுத ஆரம்பித்தார். கவர்னர் இப்படிச் சொன்னார், நான் இப்படிச் சொன்னேன் என்று கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு எழுதினார். 1761 ஜனவரி 12ல் இறந்தார். நான்கு நாளில் ஊர் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. பல்லக்கு போய்விட்டது, குறிப்பு மட்டும் மிஞ்சியது.

இப்போதெல்லாம் மீட்டிங் முடிந்ததும் ரெண்டு வரி எழுதி வைக்கிறேன்: அவர் சொன்னது இது, நான் டீமிடம் சொன்னது இது. ரெண்டும் ஒன்றாக இல்லாத நாட்களில், உடனே போன் போடுகிறேன்.