பழுப்புத் தாள் சொன்ன பாடம்

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சிறு விசைப்படகு வைத்திருப்போர் பலர் அதைக் கடலில் கட்டி வைப்பதில்லை. வீட்டு முற்றத்தில் நிறுத்தி வைத்து, வேண்டும்போது டிரெய்லர் எனப்படும் இழுவண்டியில் காருக்குப் பின்னே இழுத்துச் செல்கிறார்கள். கரையில் அமைந்த சரிவுத் தளத்தின் வழியே வண்டியைப் பின்புறமாக நீரில் இறக்கினால், படகு தானே மிதக்கத் தொடங்கும். வண்டி உப்பு நீரில் நிற்பது சில நிமிடங்களே. ஆயினும் அந்தச் சில நிமிடங்கள் போதும். பராமரிப்பு இல்லாத வண்டியின் மரையாணிகள் உளுத்துப்போகின்றன. பட்டை ஸ்பிரிங்குகள் முறிகின்றன. சில வேளைகளில் நெடுஞ்சாலையில் ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடுகிறது. பின்னால் வருவோரின் உயிருக்கே அது உலை வைக்கும்.

சில நிமிட நனைப்பு இவ்வளவு கேட்டை எவ்வாறு விளைவிக்கிறது? இதற்கு விடை காண நாம் இரண்டரை நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

செம்புக் கவசம்

அக்காலக் கப்பல்கள் மரத்தால் ஆனவை. வெப்ப மண்டலக் கடல்களில் கப்பல் புழு அந்த மரத்தைத் துளைத்துத் தின்றது. பாசியும், கொட்டலசு எனப்படும் சிறு ஓட்டுயிரிகளும் அடிப்பகுதியில் அடர்ந்து படிந்து வேகத்தைக் குறைத்தன. இவற்றைத் தடுக்க எண்ணிய பிரிட்டிஷ் கடற்படை, 1761-இல் 'அலாரம்' என்னும் 32 பீரங்கிக் கப்பலின் அடிப்பகுதி முழுவதையும் மெல்லிய செம்புத் தகடுகளால் போர்த்தி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது.

1763-இல் கப்பலை ஆராய்ந்தவர்கள் முதலில் மகிழ்ந்தார்கள். செம்பு போர்த்திய இடங்களில் புழுவும் இல்லை, பாசியும் இல்லை. ஆனால் தகடுகள் பல இடங்களில் கழன்று போயிருந்தன. அவற்றைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் துருவாகிக் கரைந்திருந்தன.

விந்தை என்னவென்றால், சில ஆணிகள் மட்டும் ஏறக்குறையப் பழுதின்றி இருந்தன. செம்புத் தகடுகள் பழுப்புத் தாளில் சுற்றப்பட்டுக் கப்பல் பட்டறைக்கு வந்திருந்தன. சில இடங்களில் தாளை அகற்றாமலே ஆணி அடித்துவிட்டார்கள். ஆணிக்கும் செம்புக்கும் இடையே அந்தத் தாள் சிக்கிய இடங்களில்தான் இரும்பு பிழைத்திருந்தது! கடல் நீரில் இரும்பும் செம்பும் நேரடியாகத் தொட்டுக் கொள்ளக் கூடாது என்று ஆராய்ந்தவர்கள் முடிவு கூறினர்.

எனினும் போர்க் காலத்தின் அவசரத்தில் இப்பாடம் போதிய அளவு மதிக்கப்படவில்லை. 1779-க்குப் பிறகு கடற்படை முழுவதற்கும் செம்பு போர்த்தப்பட்டது. அடிமரங்களை இணைத்த பெரிய இரும்பு முளைகளோ உள்ளுக்குள் அரிக்கப்பட்டு வந்தன. 1780-களில் அவற்றை அகற்றிச் செம்புக் கலவையால் ஆன முளைகளைப் பொருத்த வேண்டியதாயிற்று.

காரணம் புரிந்த காலம்

தாள் காத்தது ஏன் என்பது அப்போது எவருக்கும் விளங்கவில்லை. 1800-இல் இத்தாலிய அறிஞர் வோல்டா தம் மின் அடுக்கைப் படைத்த பின்னரே விளக்கம் பிறந்தது. இரு வேறு உலோகங்களை ஒன்றையொன்று தொடச் செய்து உப்பு நீரில் வைத்தால், அது ஒரு மின்கலம் ஆகிவிடும். எலெக்ட்ரான்களை எளிதில் இழக்கும் உலோகம் கரையும், மற்றது காக்கப்படும். துத்தநாகமும் அலுமினியமும் எளிதில் இழப்பவை, இரும்பு அடுத்தது, செம்பு அதற்கும் பின்னது. ஆகவே செம்போடு சேர்ந்த இரும்பு அழியும். துத்தநாகத்தோடு சேர்ந்த இரும்போ பிழைக்கும்.

இக்கருத்தைக் கப்பலுக்குப் பயன்படுத்தியவர் சர் ஹம்ஃப்ரி டேவி. செம்புத் தகடுகளே கடலில் மெல்லக் கரைந்து வீணாவதைத் தடுக்க வழி கேட்டது கடற்படை. செம்பின் பரப்பில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு அளவுக்குத் துத்தநாகமோ இரும்போ இணைத்தாலே செம்பு கரைவது நின்றுவிடும் என்று 1824-இல் டேவி காட்டினார். ஓர் உலோகத்தைக் காக்க மற்றோர் உலோகத்தைப் பலி கொடுக்கும் முறை இவ்வாறு பிறந்தது.

வெற்றி முழுமையானது; அதுவே தோல்வியும் ஆயிற்று! கரையும் செம்பின் நச்சுதான் பாசியையும் கொட்டலசையும் அண்ட விடாமல் செய்து வந்தது. செம்பு கரையாமல் நின்றதும் அவை மீண்டும் செழித்துப் படிந்தன. கப்பல்கள் வேகம் இழந்தன. காப்பு உலோகத்தை அகற்றும்படி கடற்படை ஆணையிட்டது. செய்தித்தாள்கள் டேவியை எள்ளி நகையாடின. அவர் 1829-இல் மறைந்தார். ஆனால் அவர் கண்ட விதி பொய்க்கவில்லை. இன்றைய எஃகுக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகள் பொருத்தப்படுவது அவ்விதியின்படியே ஆகும்.

1837-இல் பிரான்சு நாட்டின் சொரெல், உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய படகு வண்டிகள் பலவற்றின் சட்டம் இந்த முலாம் பூசிய எஃகே.

மீண்டும் வண்டிக்கு வருவோம்

கப்பலில் கட்டுவது போல ஒரு துத்தநாகக் கட்டியை வண்டியில் கட்டிவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. இரு உலோகங்களையும் நீர் ஒருசேரச் சூழ்ந்திருக்கும் வரையில்தான் மின்கலம் இயங்கும். கப்பல் எப்போதும் நீரில் இருக்கிறது. வண்டியோ மற்ற நேரமெல்லாம் முற்றத்தில் நிற்கிறது. அங்கே அதன் மேல் படிந்த உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாக நாள்கணக்கில் நிலைக்கிறது. அப்படலத்தில் ஒவ்வொரு மரையாணியும் ஒரு சிறு மின்கலம்! ஆகவே கரையேறியதும் நல்ல நீரால் மூலைமுடுக்கெல்லாம் கழுவுவதே முதல் மருந்து. துத்தநாக முலாம் தேய்ந்து செந்நிறத் துரு தலைகாட்டினால், பலியாக வேண்டியது பலியாகி முடிந்தது என்று பொருள். அதன் பிறகு அழிவது எஃகுதான்.

சக்கரத்தின் கதை வேறு. நெடுந்தூரம் ஓடிய சக்கரத்தின் குடம் சூடாக இருக்கும். உடனே குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். வெளியிலுள்ள உப்பு நீர் சீலைக் கடந்து உள்ளே உறிஞ்சப்படும். கிரீஸ் கெட்டு பேரிங் துருப்பிடிக்கும். எனவே குடம் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். குறித்த காலத்தில் பேரிங்கைக் கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் இட வேண்டும். உள்ளிருக்கும் கிரீஸை ஸ்பிரிங்கால் சற்றே அழுத்தி வைக்கும் மூடிகளும் உண்டு. நீர் உள்ளே புகாதபடி அவை தடுக்கின்றன.

அலுமினியச் சட்டத்தில் எவர்சில்வர் மரையாணி பூட்டினால், மரையாணி பளபளவென்றிருக்கும். அதைச் சுற்றியுள்ள அலுமினியம் பொடியாகும். இதைத் தடுக்க இரண்டுக்கும் இடையே நைலான் வளையம் இடுகிறார்கள். அந்த வளையம் வேறொன்றுமன்று; 'அலாரம்' கப்பலின் பழுப்புத் தாளே!

நீங்களே செய்து பாருங்கள். மூன்று கண்ணாடிக் குவளைகளில் உப்பு நீர் எடுங்கள். ஒன்றில் வெறும் இரும்பு ஆணி. மற்றொன்றில் செம்புக் கம்பி சுற்றிய ஆணி. மூன்றாவதில் துத்தநாகப் பட்டை சுற்றிய ஆணி. ஒரு வாரம் கழித்து மூன்றையும் ஒப்பிட்டால் இந்தக் கட்டுரை கூறியது உங்கள் கண்முன் நிற்கும்.

தாளை அகற்ற மறந்த தொழிலாளி எவர் என்பதை வரலாறு குறித்து வைக்கவில்லை. ஆனால் அவருடைய மறதி விட்டுச் சென்ற தடயத்தைக் குப்பை என்று ஒதுக்காமல், 'இந்த ஆணி மட்டும் ஏன் பிழைத்தது?' என்று கேட்டார்களே, அங்கேதான் அறிவியல் தொடங்கியது.