தன்னியக்க முகவர்களின் பணஞ்செலுத்து முறைகள்

தன்னியக்க முகவர்களின் பணஞ்செலுத்து முறைகள் என்பன, ஒருவரின் சார்பில் பொருள்களைத் தேடி, ஒப்பிட்டு, வாங்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் விற்பனையாளருக்குப் பணம் செலுத்தப் பயன்படுத்தும் வழிமுறைகள் ஆகும். ஒவ்வொரு முறையும் உரிமையாளர் கடவு எண்ணை இடாமலேயே பணம் கைமாறுகிறது. ஆகவே அனுமதி எங்கே பதிவாகிறது, வரம்பு எவ்வளவு, தவறு நேர்ந்தால் இழப்பு யாருடையது ஆகிய மூன்று கேள்விகளே இம்முறைகளை வேறுபடுத்துகின்றன.

பின்னணி

பிறருக்காக வாங்கி விற்கும் முகவர் புதியவர் அல்லர். விளைபொருளை விற்றுத் தந்து தரகு கழித்துக்கொள்ளும் கமிஷன் மண்டி இதற்கு நன்கு அறிந்த எடுத்துக்காட்டு ஆகும். 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, முகவர் தம் அதிகாரத்துக்கு உட்பட்டுச் செய்தவை உரிமையாளரைக் கட்டுப்படுத்தும். கேட்கும்போது முகவர் கணக்குக் காட்டவும் வேண்டும். மென்பொருளோ சட்டத்தின் பார்வையில் ஆள் அன்று. அதன்மீது வழக்குத் தொடர இயலாது.

முறைகள்

யுபிஐ வழி: இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம், ரேசர்பே, ஓபன்ஏஐ ஆகியவை சாட்ஜிபிடி வழியாகப் பொருள் வாங்கும் சோதனைத் திட்டத்தை 2025 அக்டோபரில் அறிவித்தன. ஆக்சிஸ் வங்கியும் ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியும் இதில் பங்கேற்றன. இத்திட்டம் இரு வசதிகளைச் சார்ந்தது. 'ரிசர்வ் பே' வசதியில், குறிப்பிட்ட வணிகருக்கென ஒரு தொகை உரிமையாளரின் கணக்கிலேயே ஒதுக்கி வைக்கப்பட்டு, வாங்கும்போது சிறிது சிறிதாகக் கழிக்கப்படும். 2024 இல் அறிமுகமான 'யுபிஐ சர்க்கிள்' வசதியில் உரிமையாளர் தம் செலுத்தும் உரிமையை மற்றொருவருக்கு ஒப்படைக்கலாம். அறிமுகத்தின்போது முழு ஒப்படைப்புக்கு மாதம் ₹15,000, ஒரு பரிமாற்றத்துக்கு ₹5,000 என வரம்பு இருந்தது.

அட்டை வழி: விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் 2025 ஏப்ரலில் முகவர்களுக்கான திட்டங்களை அறிவித்தன. உண்மையான அட்டை எண்ணுக்குப் பதிலாக, முகவருக்கென வழங்கப்படும் மாற்றுக் குறியீட்டு எண் இவற்றில் பயன்படுகிறது. ஓபன்ஏஐ, ஸ்ட்ரைப் நிறுவனங்கள் 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறையிலும் வணிகர், தொகை, காலம் ஆகியவற்றால் வரையறுக்கப்பட்ட குறியீடு உள்ளது.

கையொப்ப ஆணை வழி: கூகுள் 2025 செப்டம்பரில் வெளியிட்ட ஏபி2 நெறிமுறையில், உரிமையாளரின் விருப்பமும் இறுதி வாங்கற் பட்டியலும் மறையீட்டுக் கையொப்பமிட்ட ஆணைகளாகப் பதிவாகின்றன. பணம் எவ்வழியில் செல்லலாம் என்பதை இது கட்டுப்படுத்துவதில்லை. அனுமதிக்குச் சான்று வைப்பதே இதன் நோக்கமாகும்.

எண்ணிமக் காசு வழி: காயின்பேஸ் 2025 மே மாதத்தில் வெளியிட்ட எக்ஸ்402, 1990களிலேயே 'பணம் தேவை' எனும் பொருளில் ஒதுக்கப்பட்டிருந்த 402 எனும் இணையக் குறியீட்டைப் பயன்படுத்துகிறது. டாலர் மதிப்புடன் பிணைந்த எண்ணிமக் காசே பெரிதும் செலுத்தப்படுகிறது. மிகச் சிறு தொகைகளுக்கு இது ஏற்றது. இந்தியாவில் இத்தகைய காசு சட்டமுறைப் பணம் அன்று.

ஒப்பீடு

| முறை | அனுமதியின் வடிவம் | பணம் இருக்குமிடம் | பணத்தை மீளப் பெறும் வழி |
|---|---|---|---|
| யுபிஐ | ஒதுக்கிய தொகை அல்லது ஒப்படைப்பு | வங்கிக் கணக்கு | வங்கியிடம் முறையீடு |
| அட்டை | வரம்புள்ள குறியீடு | அட்டைக் கணக்கு | அட்டை நிறுவனத் தகராறு நடைமுறை |
| ஏபி2 | கையொப்பமிட்ட ஆணை | தேர்ந்த வழியைப் பொறுத்தது | தேர்ந்த வழியைப் பொறுத்தது |
| எக்ஸ்402 | பணப்பைக் கையொப்பம் | எண்ணிமப் பணப்பை | விற்றவர் திருப்பித் தந்தால் மட்டும் |

வறண்ட நிலப் பகுதிகளில்

இவ்வேறுபாடுகளின் விளைவை விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களைக் கொண்டு விளக்கலாம். இங்குள்ள மானாவாரி நிலங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பி மக்காச்சோளம், பருத்தி, மிளகாய், பயறு வகைகள் பயிராகின்றன. செலவு விதைப்பின்போதும் வரவு அறுவடைக்குப் பின்னரும் வருகின்றன.

திருச்சுழிப் பகுதி உழவர் ஒருவர், ₹6,000க்கு மிகாமல் மக்காச்சோள விதை வாங்குமாறு மென்பொருள் முகவரைப் பணிப்பதாகக் கொள்வோம். ₹5,000 வரம்புள்ள ஒப்படைப்பில் இது ஒரே பரிமாற்றமாக முடியாது. தொகையை முன்னரே ஒதுக்கினால் வாங்கலாம். ஆனால் விதை வரும்வரை அப்பணம் உழவு கூலிக்கு உதவாது. விற்பவரிடம் கியூஆர் அட்டை மட்டும் இருந்தால் அட்டை வழி பயன்படாது. முகவர் தவறான இரகத்தை வாங்கிவிட்டால் பணம் பின்னர் திரும்பக்கூடும். மழை ஈரத்தில் விதைக்கும் பருவம் திரும்பாது. எனவே மாத வரம்பு மட்டும் போதிய பாதுகாப்பு ஆகாது. பொருள், இரகம், வந்து சேரவேண்டிய நாள் ஆகியவையும் ஆணையில் இடம்பெறுவது இன்றியமையாதது.

பொறுப்பு

2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 11 ஆம் பிரிவின்படி, ஒருவர் சார்பில் தானாக இயங்குமாறு நிரலாக்கப்பட்ட முறைமை அனுப்பும் மின்பதிவு அவருடையதாகவே கொள்ளப்படும். இந்திய ரிசர்வ் வங்கி 2017 இல் வெளியிட்ட சுற்றறிக்கை, அனுமதியற்ற மின்னணுப் பரிமாற்றங்களில் வாடிக்கையாளரின் இழப்புக்கு வரம்பிட்டது. மூன்றாம் தரப்பால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாள்களுக்குள் அறிவித்தால் அவருக்குப் பொறுப்பில்லை என்றது. உரிமையாளரே அனுமதித்த முகவரின் பிழை 'அனுமதியற்றது' என்ற வரையறைக்குள் எளிதில் அடங்குவதில்லை. ஆகவே உரிமையாளர் கொடுத்த ஆணையின் பதிவு, அவர் கையில் எஞ்சும் முதன்மைச் சான்று ஆகிறது.

இவற்றையும் பார்க்க

- ஒருங்கிணைந்த பணப்பரிமாற்ற இடைமுகம்
- மின்வணிகம்
- இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872
- திருச்சுழி