பத்தொன்பது அடிப் படம்
1858-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். அன்று படத்தின் அளவை மாற்றுவது எளிதல்ல. நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து வெயிலில் காட்டுவார்கள். நெகட்டிவ் எவ்வளவோ, படமும் அவ்வளவே. பெரிய படம் வேண்டுமா? பெரிய கேமராவைச் சுமக்க வேண்டியதுதான்.

விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் சோழர் கல்வெட்டுகளோ எந்தக் கேமராவுக்கும் அடங்காதவை. தள்ளி நின்று எடுத்தால் எழுத்து எறும்பாகிவிடும். டிரைப் கிட்டே நின்று துண்டு துண்டாக எடுத்தார். 21 படங்களை ஒட்டியதில் சுமார் 19 அடி நீளப் படம் கிடைத்தது. இந்த உழைப்பை ஆளுநர் டிரெவெல்யன் வீண் செலவாகவே பார்த்தார். 1860-க்குள் பணி நின்றது.

இன்று அதே சுவரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செயலியே சுருக்கிவிடுகிறது. விமானம் தெரியும், எழுத்து கரையும். படிக்க வேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புவதே நல்லது.