இராமலிங்க விலாசச் சுவரோவியங்கள்

இராமலிங்க விலாசச் சுவரோவியங்கள் என்பவை தமிழ்நாட்டின் இராமநாதபுரம் நகரில், சேதுபதி மன்னர்களின் அரண்மனை வளாகத்திலுள்ள இராமலிங்க விலாசம் என்னும் மாளிகையின் சுவர்களிலும் கூரையிலும் தீட்டப்பட்டுள்ள ஓவியங்கள் ஆகும். இவை 18ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியைச் சேர்ந்தவை. தமிழகத்தின் பழைய சுவரோவியங்களுள் பெரும்பாலானவை கோயில்களில் அமைந்து இறைவனின் கதைகளைக் கூறுவன. இங்கோ, ஆட்சியிலிருந்த மன்னர் ஒருவரின் காலத்து நிகழ்வுகள் அவரது மாளிகையிலேயே வரையப்பட்டுள்ளன. இதனால் இவை கலைப்படைப்பாக மட்டுமன்றி வரலாற்றுச் சான்றாகவும் கருதப்படுகின்றன.

மாளிகை

சேது நாட்டின் தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றிய கிழவன் சேதுபதி (இறப்பு: 1710) இம்மாளிகையைக் கட்டுவித்தார். இராமேசுவரத்தில் கோயில் கொண்டுள்ள இராமலிங்கத்தின் பெயரால் இது வழங்குகிறது. கோயிலைப் போன்றே பெரிய மண்டபம், அதற்கடுத்த சிறிய மண்டபம், உள்ளறை என்னும் வரிசையில் மாளிகை அமைந்துள்ளது. ஓவியங்கள் அவருக்குப்பின் 1725 வரை ஆண்ட முத்து விசயரகுநாத சேதுபதி காலத்தவை.

காட்சிகள்

ஓவியங்களில் காணப்படும் முதன்மையான காட்சிகள்:

* சேதுபதி தம் குலதெய்வமான இராசராசேசுவரி அம்மனிடமிருந்து செங்கோல் பெறுதல்
* மதுரை நாயக்க மன்னர் விசயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு இரத்தினங்களால் அபிடேகம் செய்து சிறப்பித்தல்
* தஞ்சை மராத்திய மன்னர் முதலாம் சரபோசியின் படையுடன் நடந்த போர்
* ஐரோப்பியர் சேதுபதியின் அவைக்கு வருதல்
* மன்னரின் வேட்டை, அந்தப்புர வாழ்க்கை
* இராமாயண, பாகவதக் காட்சிகள்

முத்து, சங்கு வணிகத்தின் பொருட்டுச் சேதுபதிகள் ஒல்லாந்தருடன் உடன்படிக்கைகள் செய்திருந்தனர். ஐரோப்பியர் வரும் காட்சியை இப்பின்னணியில் நோக்கலாம்.

வரைமுறை

இவ்வோவியங்கள் நாயக்கர் காலப் பாணியைப் பின்பற்றியவை. காட்சிகள் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பல காட்சிகளில் அவற்றை விளக்கும் தமிழ் எழுத்துகள் உள்ளன. சிவப்பு நிறப் பின்னணி மிகுதியாகக் காணப்படுகிறது. இப்பாணியில் பொதுவாகச் சுண்ணாம்புக் காரை காய்ந்தபின், காவி, மஞ்சள் மண், கரி போன்றவற்றிலிருந்து பெற்ற வண்ணங்களைப் பிசின் சேர்த்துத் தீட்டுவர். வண்ணம் காரைக்குள் ஊறாமல் மேற்பரப்பிலேயே தங்குவதால், ஈரமும் உராய்வும் இவ்வகை ஓவியங்களை எளிதில் சிதைத்துவிடும்.

வரலாற்று மதிப்பு

உடை, அணிகலன், படைக்கலம், அவை நடைமுறை ஆகியவற்றை அறிய இவை உதவுகின்றன. மதுரை நாயக்கருக்கு முன்னர்க் கட்டுப்பட்டிருந்த சேதுபதிகள் தம் அரசுரிமையை எவ்வாறு நிலைநாட்ட முயன்றனர் என்பதையும் இவை காட்டுகின்றன. செனிபர் ஓவ்சு 2003இல் வெளியிட்ட தென்னிந்திய அரசவைகள் பற்றிய நூலில் இவற்றை ஆராய்ந்துள்ளார்.

எனினும் இவை மன்னர் தரப்பின் கூற்று மட்டுமே. சுவரில் தஞ்சைப் படைக்கு எதிரான போர் சேதுபதியின் பெருமையாகக் காட்டப்பட்டுள்ளது. ஆனால் அவர் இறந்த சில ஆண்டுகளிலேயே, 1720களின் இறுதியில், தஞ்சைப் படையின் துணையுடன்தான் இராமநாதபுர வாரிசுப் போர் முடிவுற்றது. பாம்பாற்றுக்கு வடக்கிலிருந்த பகுதி தஞ்சையின் வசமாயிற்று. எஞ்சிய நாடும் பிரிக்கப்பட்டுச் சிவகங்கைச் சீமை தோன்றியது. ஓவியங்கள் இப்பின்விளைவுக்கு முற்பட்டவை. எனவே இவற்றைப் பிற சான்றுகளுடன் ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டும்.

பாதுகாப்பு

மாளிகை தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, அருங்காட்சியகமாகவும் செயற்படுகிறது. நீர்க்கசிவு, காரையில் படியும் உப்பு, பார்வையாளர் சுவரில் கீறுவது ஆகியவை பொதுவாகச் சுவரோவியங்களுக்கு ஊறு விளைவிப்பவை. இத்தகைய ஓவியங்களைப் பேணுகையில் அழிந்த இடத்தைப் புதிதாக வரைவதில்லை. கசிவை நிறுத்தி, பெயர்ந்த காரையை மீண்டும் ஒட்டச் செய்து, எஞ்சியதை நிலைப்படுத்துவதே முறையாகும். மீள வரைந்தால் சுவர் அழகு பெறலாம். ஆனால் ஓர் எழுத்தோ படைக்கலமோ மாறினாலும் அதன் சான்று மதிப்பு இழக்கப்படும்.

இவற்றையும் பார்க்க

* சேதுபதி மன்னர்கள்
* சிவகங்கைச் சீமை
* நாயக்கர் கால ஓவியங்கள்